தண்ணீர் கறுக்காத நாள்

காலையில் வீரபாண்டிப் பிரிவு ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையைக் கடந்தேன். அசிட்டிலீன் கசிந்த பூண்டு நாற்றம். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். நீ பாடம் நடத்திய கல்லூரி லேபில் எப்போதும் அந்த வாடைதான்.

கனமான இரும்பு உருளைக்குள் அசிட்டிலீனையும் கொஞ்சம் ஆக்சிஜனையும் அடைத்து, மூடியை இறுக்கி, தீப்பொறி வைப்பாய். மேஜை அதிரும். ஆறியதும் திறந்தால், மூச்சுப் பட்டாலே பறக்கிற கறுப்புத் தூள்.

"அடுப்புக் கரியாட்டம் இருக்குது" என்றேன் முதல் நாள்.

"கரியேதான் புள்ள. ஆனா அணு கனத்துக்குத் தகடு தட்டுன கரி. கிராஃபீன். இதுல கரண்ட் ஓடும்."

அதைப் பனியன் துணியில் பூசி, சின்ன பேட்டரி மாட்டினால் குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சூடு தரும் பனியன் ஆகும் என்றாய். பூசித் தரும் வேலை என் துணி பிரிண்டிங் யூனிட்டுக்கு.

நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனி முதலாளிகள் சிலரைக் கூட்டிக் காட்டினோம். துணி சூடானது. தொட்டுப் பார்த்த பெரியவர் ஒருவர், "தொவைச்சா நிக்குங்களா?" என்றார். பக்கெட்டில் முக்கினாய். தண்ணீர் மையாகக் கறுத்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. நீ துணியைப் பிழிந்துகொண்டே, "ஒட்டலீங்க. ஏன்னு பாத்துட்டு மறுபடி கூப்பிடறனுங்க" என்றாய்.

அதற்குள் உனக்குக் கணையத்தில் கட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே பேச்சு. "தூளைப் பிடிக்கிற பசைய மாத்து புள்ள. சூட்டைக் கொறச்சு, நிதானமாக் காய விடு." அடுத்த வாரம் நீ இல்லை.

நீ சொன்னபடியே செய்தேன். ஒட்டியது.

போன வாரம் அதே ஆட்களைக் கூப்பிட்டேன். துவைத்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஈரம் போனதும் துணி சூடானது. எல்லோரும் கைதட்டினார்கள். "சாதிச்சுப்போட்டீங்க அம்மிணி" என்றார் அந்தப் பெரியவர். கூசிப்போனேன்.

"என்னோடது இல்லீங்க" என்றேன்.

"அடக்கத்தைப் பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

உன் பெயரைச் சொன்னேன். "யாருங்க அது?" என்றார். லேபைச் சொன்னேன், நீ நடத்திய பாடத்தைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "அன்னைக்குத் தண்ணி கறுத்துப்போச்சுங்களே, அந்த டீச்சருங்க" என்றேன்.

"ஓ, அவங்களா" என்று சிரித்தார். உடனே எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

என் வாயால்தான் சொன்னேன். உன்னை வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று வண்டி ஓட்டும்போதும் சோறு உண்ணும்போதும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.