வீட்டில் எத்தனை போன்?

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன் நலத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிடம் நீயே விடாமல் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. போனில் என்னை ஒரு வார்த்தை பேச விடுகிறாயா? அதுவும் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். மெயில் அனுப்பக் கூடாதா என்று கேட்காதே. என் கஷ்டமே அதுதான்.

நெட் நகர மாட்டேன் என்கிறது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. நான்கு நிமிடப் பதிவு இறங்குவதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். இப்போது ஆபீஸில் புதுச் சட்டம். ஜூன் முதல் தேதியிலிருந்து பதிவை இறக்கி வைத்துக்கொள்ளக் கூடாதாம், நேரடியாகக் கேட்டே அடிக்க வேண்டுமாம். அதற்கு நான்கு எம்பி வேகமாவது வேண்டும். மே முப்பதாம் தேதி சோதிப்பார்கள். தேறாதவர்கள் தினமும் ஆபீஸுக்கு வர வேண்டும். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை. போன வருடம் குளியலறையில் விழுந்த அப்பாவை அத்தனை நேரம் தனியாக விட்டுப் போக முடியுமா? ஆக, வேலை போய்விடும்.

எனக்கு வருவது ஒன்று புள்ளி ஒன்று. கம்பெனிக்குப் போன் செய்தால், எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு நாலரை கிலோமீட்டர், லைன் நீளம், அவ்வளவுதான் வரும் என்று வைத்துவிடுகிறார்கள். பதினைந்து வருடமாக டெலிபோன் லைன் வேலையிலேயே ஊறியவன் நீ. என்ன செய்யலாம் சொல்.

அப்பா அப்படியேதான். அம்மா இறந்தபோது நீ வெளிநாட்டிலிருந்து வரவில்லை என்று, "அவன் குரல் என் காதுல விழக்கூடாது" என்றவர் ஆறு வருடமாகியும் மாறவில்லை. உன் போன் வந்தால் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

கவலைப்படாதே. நீள லைனில் வேகம் குறையத்தான் செய்யும், ஆனாலும் இவ்வளவு மோசமாக இருக்காது. மோடத்தை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கு. வைஃபையை நம்பாமல் கேபிள் போட்டு வேகம் பார். பேச்சையும் நெட்டையும் பிரிக்கிற வெள்ளை டப்பா ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு. முக்கியமாக, மோடத்தைப் பத்து நாள் அணைக்கவே அணைக்காதே. அடிக்கடி அணைந்தால் லைன் சரியில்லை என்று நினைத்து எக்ஸ்சேஞ்ச் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

அப்பா மூட்டு வலிக்கு மருந்து போடுகிறாரா?

உன் தம்பி

ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

சொன்னதையெல்லாம் செய்தேன். பத்து நாள் அணைக்காதே என்று சுலபமாக எழுதிவிட்டாய். வாசல் வரை போனாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறவர் நம் அப்பா. ஏழாம் நாள் ஒரு முறை, நான்காம் நாள் ஒரு முறை அணைத்துவிட்டார், திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினேன். கடைசியில் சுவிட்சுக்கு மேல் காகிதம் ஒட்டி, தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று எழுதி வைத்தேன்.

இத்தனைக்கும் பிறகு வந்தது ஒன்று புள்ளி மூன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு டாக்டர் நோயாளிக்கு வலது காலா இடது காலா என்று சொல்லும் இடத்தில் பதிவு நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. மேற்பார்வை அம்மா என் பெயரை 'சந்தேகம்' பட்டியலில் போட்டுவிட்டாள். வேறு வழி இருந்தால் உடனே எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

வெளிச்சுவரில் லைன் வந்து சேரும் டப்பாவைத் திறந்து பார். கம்பி முனை பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டுத் திரும்ப முறுக்கு. முடிந்தால் வேறு மோடம் இரவல் வாங்கிப் பார். ஹாலையும் வெளிச்சுவரையும் பார்த்தால் போதும். அப்பா அறைப் பக்கம் போய் எதையும் குடையாதே, அவருக்குப் பிடிக்காது.

உன் தம்பி

மே 14

தம்பிக்கு,

ஏணி ஏறினேன். சுரண்டினேன். எதிர்வீட்டு மோடத்தை இரவல் வாங்கி, உடையாமல் திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். ஐந்து முறை புகார் கொடுத்த பிறகு நேற்று ஒரு லைன்மேன் வந்தார்.

செருப்பைக் கழற்றும்போதே, "வீட்ல எத்தனை போன்மா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை, இரண்டு என்றார். நான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தேன். அவர் ஹால் அலமாரியை நகர்த்தினார். பின்னால் அழைப்பு மணிக்குப் போடுகிற சாதா வயர் ஒன்று, சாணுக்கு ஓர் ஆணி அடித்து, சுவரோரமாக அப்பா அறைக்குள் போகிறது. துணி அலமாரியில், மடித்த சட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய போன். மணியைக் கழற்றியிருக்கிறது. வாய் வைத்துப் பேசும் இடத்தில் கைக்குட்டையை நாலாக மடித்துக் கட்டியிருக்கிறது.

அது பழசு, வேலை செய்யாது என்றார் அப்பா. லைன்மேன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, டயல் டோன் நன்றாக வருகிறதே ஐயா என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சாதா வயர்தான் வேகத்தைத் தின்கிறதாம். அதைக் கழற்றினால் நான்கு புள்ளி இரண்டு. வயர் இருந்தால், அந்தப் போனுக்கும் வெள்ளை டப்பா மாட்டினாலும் இரண்டைத் தாண்டவில்லை. அப்பா நின்ற நிலையைப் பார்க்க முடியாமல், இப்போதைக்குத் திரும்ப மாட்டிவிடச் சொன்னேன்.

கிளம்பும்போது லைன்மேன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "லைன் வேலை தெரிஞ்ச யாரும் இதத்தான்மா முதல்ல கேப்பாங்க."

நீ ஏன் கேட்கவில்லை?

அக்கா

மே 22

அன்புள்ள அக்கா,

தெரியும். முதல் வருடத்திலேயே தெரியும். நீ எடுத்து ஒரு நிமிடத்துக்குள் லைனில் இன்னொரு 'டிக்' கேட்கும், உன் குரல் கொஞ்சம் இறங்கும். பதினைந்து வருட வேலையில் அது எனக்குப் புரியாமலா போகும்?

உன்னைப் பேசவிடாமல் நான் பேசியதெல்லாம் அவருக்காகத்தான். அவருக்குக் காது மந்தம் என்பதால்தான் கத்தினேன். அம்மா இறந்தபோது லீவு ஏன் கிடைக்கவில்லை, அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்பதை உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார். நீ அலுத்துக்கொள்வாய். அவர் போனை வைக்க மாட்டார்.

உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. கேட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய், வயர் போய்விடும் என்று பயந்தேன். மற்ற வழிகளிலேயே நான்கு வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. உன் வேலையோடு விளையாடிவிட்டேன், மன்னித்துவிடு. ஆனாலும் கேட்கிறேன், நான் வரும்வரை அதைப் பிடுங்காதே. எனக்கு அவரிடம் வேறு வழி இல்லை.

உன் தம்பி

ஜூன் 1

தம்பிக்கு,

பிடுங்கிவிட்டேன். முப்பதாம் தேதி காலையில் நானே ஆணிகளைக் கழற்றி வயரைச் சுருட்டினேன். நான்கு புள்ளி ஒன்று வந்தது, சோதனையில் தேறிவிட்டேன்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. மூன்று மாதம் என்னை ஏணியில் ஏற்றி இறக்கினாய். அவரோ என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் வயர் இழுத்தார். ஆறு வருடமாக ஞாயிறுதோறும் நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்திருக்கிறீர்கள். நான் மட்டும் நடுவில் 'ம்' கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று யாராவது ஒருவர் கேட்டீர்களா?

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "இனிமே ஞாயித்துக்கிழமை நான் போன் எடுக்க மாட்டேன்பா. அடிச்சா நீங்க எடுங்க. இல்லன்னா அடிச்சிட்டே கிடக்கட்டும்." எனக்கென்ன வந்தது என்றார். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். அரைமணி நேரம் கழித்து என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"எத்தனை மணி அடிச்சா அது கட் ஆகும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எத்தனையானாலும் சரி, நீயாக முதலில் வைத்துவிடாதே. மூட்டு வலியோடு அவர் ஹாலுக்கு வந்து சேர நேரமாகும்.

அக்கா