என் சாவுக்குக் கிடைத்த லீவு

ஐப்பசி 10, திங்கள்

கொரோனாவில் போனவர்களுக்கு ஐந்தாம் திவசம் முடிந்த வருஷம். கண்மாய்க்கரை உடைந்து கீழவயல் மூன்று நாள் தண்ணீரில் கிடந்ததும் இதே வருஷம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. வருஷத்துக்கு நம்பர் கேட்டால் தெரியாது. யார் எப்போது செத்தார்கள் என்று கேட்டால் சொல்வேன்.

தூறல். மகன் செல்வம் திருச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தான். ஏர்போர்ட்டில் வேலை. தலை மொட்டை. மீசையும் இல்லை.

"பழனியா?"

"ஆமாய்யா."

பழனி மொட்டை என்றால் தலையில் சந்தனம் இருக்கும். இது வெறும் தலை. கேத மொட்டை. நம் வீட்டில் யார் செத்தது என்று நான் கேட்கவில்லை. ஆறு இட்லி தின்றுவிட்டுக் குப்புறப் படுத்தான்.

11, செவ்வாய்

இடுப்பு பிடித்துக்கொண்டதாம். விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. முன்பு இருபது பேர் ஏற்றியதை இப்போது ஏழு பேர். கம்பெனி இன்றைக்கு மூடுமோ நாளைக்கு மூடுமோ. எவனுக்கும் வேலையில் மனசு இல்லை. பாதிப் பேர் வருவதே இல்லை. விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் தாமதம், திட்டு வாங்குவது இவர்கள்.

கொல்லையில் நின்று கூட்டாளியோடு போனில் பேசியது காதில் விழுந்தது.

"நீ யாரச் சாகடிச்ச? அத்தையவா? அத்தைக்கெல்லாம் இப்பக் கெடையாதுடா. பெத்தவுக செத்தாத்தான் லீவு. மொட்ட அடிச்சுப் படம் எடுத்து அனுப்பணும்."

மருமகள் கண்ணாத்தாளை மடக்கிக் கேட்டேன். சொல்லிவிட்டாள். இந்த வருஷம் லீவுக்காக இவன் சாகடித்தவர்கள்:

தையில் அம்மா. அவள் செத்துப் பதினாலு வருஷம். மறுபடி சாகடித்திருக்கிறான்.

வைகாசியில் மாமனார். நாட்டரசன்கோட்டையில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆவணியில் பெரியப்பா. எனக்கு அண்ணனே கிடையாது.

ஐப்பசியில் நான்.

"கோவிச்சுக்கிறாதீக மாமா. பேப்பர்லதான," என்றாள்.

12, புதன்

வெயில். செருப்பு வார் அறுந்தது. டீக்கடை. விஷயம் அதற்குள் அங்கே போய்விட்டது. கடைக்கார வீரையா சும்மா இருப்பானா.

"கருப்பையாண்ணே, போயிட்டீகன்னு சொன்னாக. எடுத்தாச்சா, இனிமேத்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பதினாறாம் நாளு கறிச்சோறு உண்டுல்ல?"

"உண்டுடா. ஒங்கப்பன் பதினாறுக்கு நீயே பந்தியில ரெண்டு தரம் ஒக்காந்தியே, அது மாதிரி ஒக்காரலாம்."

சிரிப்பு நின்றது. முப்பத்தோரு வருஷம் ஆயிற்று, மறந்திருப்பேன் என்று நினைத்திருக்கிறான். டீ ஆறிப்போயிருந்தது.

14, வெள்ளி

சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை கேதம் விசாரிக்க வருகிறாராம். எங்கே விசாரிக்க, வேவு பார்க்க. பொய் என்று தெரிந்தால் செல்வத்துக்கு வேலை போய்விடும். முகம் வெளுத்து வந்து நின்றான்.

"ஐயா, ஒரு பொழுது நாட்டரசன்கோட்டைக்குப் போயிட்டு வாங்களேன்."

"செத்த ஒன் மாமனாரோட பேசிக்கிட்டு இருக்கவா?"

கண்ணாத்தாள் அதற்குள் காரைக்குடி போய் என் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிசு பண்ணி, சட்டம் போட்டு வாங்கி வந்துவிட்டாள். பூக்காரியிடம் மாலைக்கும் சொல்லியாயிற்று. "இந்தப் படத்துல மாமா நல்லா இருக்காக," என்கிறாள் அவனிடம். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

"நான் எதுலடா செத்தேன்?"

"தூக்கத்துலய்யா. நோகாம."

"ஒங்காத்தாளுக்கு அப்படி வாய்க்கலையேடா."

அவள் பதினொரு நாள் கத்தினாள். இவன் பதினோராம் நாள்தான் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். போகட்டும்.

16, ஞாயிறு

நான் எங்கும் போகவில்லை. சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, என் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மருமகள் பல்லைக் கடித்தாள்.

பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். புதுக்கோட்டைக்காரர். தூங்காத கண். கையில் மாலை. கண்ணாத்தாள் பழக்கத்தில், "வாங்க சார், வாங்க," என்று சிரித்துவிட்டாள். கேத வீட்டில் எவள் வாங்க என்பாள்? அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

செல்வம் கண்ணால் கெஞ்சினான். பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கலாம்.

"செத்தவனுக்கு அண்ணன். இவனுக்குப் பெரியப்பா."

தெரிந்துதான் சொன்னேன்.

"ஒங்க தம்பி எப்படி, நல்ல மாதிரியா?"

"இல்ல. பொண்டாட்டியப் போட்டு அடிப்பான்."

அதில் பொய் இல்லை.

போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "பெரியப்பா, நீங்க ஆவணியிலயே போயிட்டீகளே."

செல்வம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. மாலையைச் சன்னலில் வைத்தார்.

"ஒன்னையத் தூக்கிட்டா ஆறு பேரு. ஆறு பேர வச்சுக்கிட்டு என்ன செய்ய? நாளைக்குக் காலையில ஷிப்டுக்கு வந்துரு."

"இடுப்பு முடியல சார்."

"இடுப்புக்கெல்லாம் லீவு இல்லப்பா. பெத்தவுக ரெண்டு பேரும் முடிஞ்சுபோச்சு. இனிமே பொண்டாட்டி, புள்ளைக்குத்தான்." போனை மடியில் செருகினார். "வீட்ல யாரு மிச்சம் இருக்கா?"

கண்ணாத்தாள் காப்பித் தட்டோடு நின்றாள். நான்தான் சொன்னேன்.

"புள்ளை இல்ல சார். கண்ணாத்தா ஒருத்திதான்."