அலறட்டும் என்று நின்றவளுக்கு

இன்று காலை வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பசை ஒட்டிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நீ அலாரத்தை ஒட்டிய இடம். துணியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் உன் வீட்டுக்காரர் இறந்துபோனார். அவர் சொந்தமாக வாங்கி வாடகைக்கு ஓட்டிய வேன் அரியாங்குப்பத்தில் உன் வாசலில் நின்றது. விற்றுவிடுவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீ ஓட்டக் கற்றுக்கொண்டாய். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டாய், அடுப்பு வைத்தாய், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தாய். சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனியில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி மடித்த காலம் அது. லீவு கிடைத்தால் தரங்கம்பாடி, கோடியக்கரை என்று கிளம்பிவிடுவோம். "சினிமாக்காரி கேரவன் போவுது பாரு" என்று தெரு சிரிக்கும். நீ வேண்டுமென்றே ஹாரன் அடிப்பாய்.

உன் வீட்டுக்காரரின் அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "பொம்பளைக்கு எதுக்கு வேனு? வண்டியக் குடு" என்று வாரம் தவறாமல் வந்து நிற்பார். ஒருநாள் நாம் வேலையிலிருந்து திரும்பியபோது வேன் கதவு நெம்பப்பட்டிருந்தது, ஸ்டெப்னியைக் காணோம். யார் வேலை என்று தெரியவில்லை. நீ அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தாய். எதிரே ஆள் அசைந்தால் கத்துமாம். நிறுத்துவதற்குச் சின்ன ரிமோட்.

"பொம்மை மாதிரி இருக்குதுடி. இத வெச்சி எவனத் தடுப்ப?" என்றேன்.

"தடுக்க வேணாம். கத்தினாப் போதும்."

முதலில் எல்லாவற்றுக்கும் கத்தியது. திரை ஆடினால் கத்தியது, வெயில் ஏறினால் கத்தியது. நீ திரைகளைச் சுருட்டிக் கட்டி, பெட்டியின் முகத்தை ஜன்னலிலிருந்து கதவுப் பக்கம் திருப்பி ஒட்டினாய். பிறகு ஆளுக்கு மட்டும்தான் வாயைத் திறந்தது.

அந்த ஞாயிறு முற்பகல் உன் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். தெருவே அதிரும்படி அலறல். ஓடினோம். ஓட்டுநர் இருக்கையில் உன் வீட்டுக்காரரின் அண்ணன், கையில் எப்போதோ தம்பியிடம் வாங்கி வைத்த மாற்றுச் சாவி. வெளியே ஒரு வண்டி புரோக்கர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். தெரு கூடிவிட்டது.

"நிறுத்தும்மா, காது கிழியுது" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ரிமோட் உன் கையில்தான் இருந்தது. "அவரு இறங்கட்டும், நிறுத்தறேன்."

"இது என் தம்பி வண்டி!" என்று அவர் கத்தினார்.

"ஆர்.சி. புக்கு என் பேர்ல இருக்குது. இறங்குங்க மாமா."

முதலில் புரோக்கர் நழுவினார். வண்டிக்குள் இருந்தவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் வரவில்லை. இறங்கினார். நீ செதில் ஒட்டிய மறுகையை நீட்டி, "சாவி" என்றாய். மண்ணில் வீசிவிட்டு நடந்தார். குனிந்து எடுத்த பிறகுதான் பொத்தானை அழுத்தினாய்.

சாயங்காலம் வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போது இரண்டு முறை வண்டியை நடுரோட்டில் அணைத்துவிட்டாய். "பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சி. அதுக்குன்னு உட்டுட்டு ஓடிடுவமா?"

உப்புக் காற்றில் அந்தப் பெட்டி சீக்கிரமே செத்துப்போனது. ஆனாலும் வண்டியைக் கேட்டு அவர் திரும்பி வரவேயில்லை. பிறகு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "வண்டிய உன் பேருக்கு மாத்திட்டேன். நிறுத்தி வெச்சிடாத" என்றாய்.

நிறுத்தவில்லை. நானும் ஓட்டக் கற்றேன். "தனியாப் போறியே, ஊரு என்ன பேசும்?" என்கிறான் என் அண்ணன். பேசட்டும். நாளை இராமேசுவரம் கிளம்புகிறேன். பக்கத்தில் லாரி வந்தால் இன்னும் பயத்தில் ஓரங்கட்டி நின்றுவிடுகிறேன். பயந்துகொண்டேகூடப் போகலாம் என்பதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை எவனும் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போக முடியாது.