ஆறு பெட்டிக்கும் ஆறு பாத்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஒரு பெரிய வீட்டில், எல்லா அறையிலும் இன்டர்நெட் வர மெஷ் வைஃபை மாட்டினேன். நாலு பேருக்கு ஆறு பெட்டி. ஓர் அறையில் சிக்னல் விட்டால் அடுத்த பெட்டி பிடித்துக்கொள்ளும். இன்று காலையில் அந்த வீட்டம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "என்னத்த மாட்டின? ஒண்ணும் வரல."

போய்ப் பார்த்தால், பச்சை விளக்கு கண்ணைக் குத்துகிறதென்று ஒவ்வொரு பெட்டி மேலும் எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்திருக்கிறாள். சுவரெல்லாம் புத்தகம், மண்டையெல்லாம் களிமண்.

பாத்திரங்களை எடுத்தேன். உடனே அடுத்த அறையிலிருக்கும் மகனுக்கு, "சாப்பிட வா" என்று மெசேஜ் அனுப்பினாள். அவன் கட்டைவிரல் படம் அனுப்பினான், ஆள் வரவில்லை. இந்த லட்சணத்துக்கு ஆறு பெட்டி.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது என்னோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டாம். போனை அணைக்காமல் சமையல் மேடையில் வைத்துவிட்டு, தங்கச்சியைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகன்