கொட்டிலில் மிஞ்சாத படம்

இன்று காலை அலுவலகத்தில் புது மடிக்கணினி ஒன்று தந்தார்கள். பிளாஸ்டிக் மணம்கூட இன்னும் போகவில்லை. முதல் வேலையாகக் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து உன் கொட்டில் நிரலைத்தான் அதில் ஏற்றினேன். நீ போன பிறகும் வெள்ளவத்தையில் இந்த மாடியில் எல்லோரும் அதைத்தான் பாவிக்கிறோம். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, விசரி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ எழுதிய அந்தச் சின்ன நிரலில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கொட்டில் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் வெறும் கோப்புறை ஒன்று திறக்கும். அதற்குள் இருந்து எந்தக் கூத்தும் ஆடலாம். எக்ஸிட் என்று தட்டினால் கோப்புறையும் அதற்குள் கிடந்ததும் அந்த நொடியே அழிந்துவிடும். நாங்கள் அதில் நிரல்களைப் பரிசோதித்துப் பார்த்தோம். நீயோ வாழ்க்கையையே அதற்குள் நடத்தினாய். கடிதம், கணக்கு, போனிலிருந்து இறக்கிய படம் எல்லாம் கொட்டிலுக்குள் வரும், பார்த்து முடிந்ததும் போய்விடும். போனிலும் ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டாய்.

ஒருநாள் காலை முழுக்கச் செய்த வேலையை அதில் தொலைத்துவிட்டு உன் மேசைக்கு வந்து கத்தினேன். அழிக்கமுன் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வி கேட்க வைத்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். நீ சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி, "கேட்டா எல்லாரும் வேணும் எண்டுதான் சொல்லுவினம். பிறகு ஆர் அதையெல்லாம் காவிக்கொண்டு திரியிறது?" என்றாய். பிறகு உன் முட்டையில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாய். உன்னோடு சண்டை பிடித்து யார் வென்றார்கள்.

டெங்குக் காய்ச்சல் உன்னை ஒரு கிழமைகூட விட்டுவைக்கவில்லை. செத்தவீட்டில் வைக்க ஒரு படம் கிடைக்காமல் அடையாள அட்டையில் இருந்ததைப் பெருப்பித்து மாலை போட்டார்கள். காது இரண்டும் தெரிய, வாயை இறுக்கிக்கொண்டு, பிடிபட்ட கள்ளி மாதிரி இருந்தாய். உன் அம்மாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலாவது நீ சிரிக்கிற படம் வரவேண்டும் என்று என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிட்டார். என்னிடம் இருந்த படங்களில் எல்லாம் நீ கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாய்.

உன் மடிக்கணினியின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். நான் அன்ரி என்று கூப்பிடுகிற உன் அம்மா கதிரையை இழுத்து என் தோளோடு ஒட்டி இருந்தார். ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து காட்டினேன். அழிந்ததை மீட்கிற வழிகளையும் செய்துபார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நீயே எல்லாவற்றையும் அழித்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது என நான் யோசிக்கும்போதே, விளங்கியவர்போல அவரே பேசத் தொடங்கினார். உனக்கு ஐந்தாறு வயதிருக்குமாம், சண்டைக்காலம். சுற்றிவளைப்புக்குப் பொலிஸ் வருகிறது என்று தெரிந்ததும், யாழ்ப்பாணத்துச் சொந்தங்களோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் உன் அப்பா அடுப்பில் போட்டாராம். உன் முதலாவது பிறந்தநாள் படமும் அதோடு போனதாம். ஏனப்பா என்று நீ கேட்டதற்கு, இருந்தால்தானே இது ஆர், அது ஆர் என்று கேட்பார்கள் என்றாராம். இதை நீ எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"அவர் எரிச்சதில சாம்பலாவது இருந்தது, பிள்ளை," என்றார் அன்ரி. "இதில அதுவும் இல்லையே."

கல்வெட்டிலும் அந்த அடையாள அட்டைப் படமே போனது. அன்ரி எனக்கொரு பிரதி தரும்போது படம் போட்ட முன்னட்டையைக் கவிழ்த்துப் பிடித்துத் தந்தார்.

உன்னை நினைத்தால் இப்போது அந்த இறுகிய முகம்தான் முதலில் வருகிறது. நீ சிரிக்கிற முகத்தை அதற்குப் பின்னாலிருந்து இழுத்து எடுக்கவேண்டியிருக்கிறது. உன்னில் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். சில நாட்களில் அதுவும் கிடைப்பதில்லை.