எண்ணெய் படாத குட்டை

அண்ணே, இன்று காலை கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் முனிசிபல் ஆள் கொசு எண்ணெய் ஊற்றினான். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த ஜார்ஜ் டவுனில் நாற்றத்துக்கா பஞ்சம்? கருவாடு, குதிரைச் சாணம், படகுத் துறைச் சேறு என்று எத்தனையோ இருக்கிறது, எதுவும் என்னை ஒன்றும் செய்வதில்லை. இந்த எண்ணெய் வாடை மட்டும் உங்களைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிடுகிறது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே அலுத்துப்போய், கடைசியில் இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு முதல் ஃபெரியில் அக்கரைக்கு வந்துவிடுவேன். பட்டர்வொர்த்தில் இறங்கி, வாடகைச் சைக்கிளை மிதித்து, ஜுருவுக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்திருக்கும். நீங்கள் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வாசலில் இரண்டு தூண்டிலோடு தயாராக நிற்பீர்கள். வாரமெல்லாம் முதுகில் எண்ணெய் டின்னைச் சுமந்துகொண்டு எஸ்டேட்டின் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் ஊற்றுவது உங்கள் வேலை. லீவு நாளில் எண்ணெய் படாத தண்ணீரைத் தேடி என்னையும் இழுத்துக்கொண்டு மைல் கணக்கில் நடப்பீர்கள். அந்தக் கையால் தூண்டில் போட்டால் எந்த மீன் கிட்டே வரும் என்று நான் கேலி செய்வேன். அதற்காகவே கரைச் சேற்றை அள்ளி முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புழுவைத் தொடுவீர்கள். நான் தொழுகைக்குக் கை கழுவுவதைவிட அதற்கு அதிக நேரமாகும்.

எந்தத் தண்ணீரில் எது கிடக்கும் என்பதில் நமக்குள் சண்டை வராத நாள் இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் உப்பு ஏறிவிடும் என்று அங்கே போகமாட்டோம். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் கரும்புக் காலத்தில் வெட்டி, பிறகு தூர்ந்துபோன வாய்க்கால்களில் கெளுத்தி கிடைக்கும். மலாய்க்காரர்களின் வயலோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செப்பாட் மீன் வரும். விரால் வேண்டுமானால் அல்லிக்கொடி மண்டிய மடுவுக்குப் போக வேண்டும். அங்கே சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அடியில் தாய் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அது பாய்ந்து கவ்வும். நான் ஆசையாகத் தவளையைக் கோத்துக்கொண்டிருப்பேன், நீங்கள் என் தூண்டிலையும் சேர்த்துச் சுருட்டிவிட்டு வேறு இடத்துக்கு நடையைக் கட்டுவீர்கள். பசியோடு வெறுங்கையாய் நடந்த அந்த மத்தியானங்களில் உங்களை எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன் தெரியுமா?

லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் குட்டையில் மட்டும் நீங்கள் எண்ணெய் ஊற்றவில்லை. வயலில் பிடித்த பனையேறி மீன்களை அதில் விட்டு வளர்த்தீர்கள். மலாய்க்காரர்கள் புயு என்பார்களே, மழை பெய்தால் கரையேறித் தரையில் நடக்குமே, அதுதான். கொசுப் புழுவை அது தின்றுவிடும், எண்ணெய் எதற்கு என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் வாதாடினீர்கள். அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு, உன் பொறுப்பு என்று விட்டுவிட்டார். சாயங்காலம் நாம் அந்தக் கரையில்தான் உட்கார்ந்திருப்போம். அண்ணி புளி கரைத்து மீன் குழம்பு வைத்து அங்கேயே கொண்டுவந்து தருவார். எனக்கு எப்போதும் நடுத்துண்டுதான். தம்பி அக்கரையிலிருந்து வந்திருக்கிறது என்பார்.

அந்த வருஷம் கொசுக்கடியில் வரும் குளிர்க்காய்ச்சல் லயம் லயமாக நுழைந்தது. அண்ணியும் படுத்தார். நான் மறுஞாயிறு வந்தபோது உங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை, அண்ணியை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லா லயத்திலும்தான் காய்ச்சல், குட்டையிலிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும் என்று டிரஸ்ஸரே உங்களிடம் சொன்னார். நானும் சொன்னேன். நீங்கள் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. லீவு நாளில் டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு குட்டைக்கு நடந்தீர்கள், நான் பின்னாலேயே வந்தேன்.

பனையேறிக்கும் விராலுக்கும் தண்ணீர் மட்டும் போதாது. மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுத்தான் கீழே போகும். இதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். டின்னைத் திறப்பதற்கு முன் அண்ணியின் அரிசிக் கூடையால் ஒரே ஒரு மீனை அரித்தெடுத்து, தகர டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தீர்கள்.

"கொண்டு போயிருங்க பாய். மழ வந்தா மூடி வைங்க, இல்லாட்டி நடந்து போயிரும்."

பிறகு ஊற்றினீர்கள். எண்ணெய் வண்ண வண்ணமாகப் பரவியது. காற்றுக்காக மேலே வந்த மீனெல்லாம் எண்ணெயை விழுங்கிக்கொண்டு மறுபடி மறுபடி மேலே வந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் கடைசி மீன் அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் தூண்டிலைத் தொடவில்லை. நான் வருவதை நிறுத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து கறுப்புத் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடைசி ஃபெரிக்குத் திரும்புவேன். பேச்செல்லாம் ரப்பர் விலையோடு நின்றுவிடும். ஒரே ஒரு நாள் நீங்களாகவே வாயைத் திறந்தீர்கள்.

"ஆசைக்கு ஒரு குட்டைய வச்சேன் பாய். அது அவள வாங்கிருச்சு."

இல்லை அண்ணே என்றேன். அதற்குமேல் எதைக் காட்டிச் சொல்ல? என்னிடம் என்ன இருந்தது? அந்த நினைப்போடுதான் நீங்கள் கண்ணை மூடினீர்கள். அது எனக்கு ஆறவே இல்லை.

இன்று சாக்கடையை முடித்துக்கொண்டு முனிசிபல் ஆள் என் தண்ணீர்த் தாழிக்கு வந்தான். திறந்து கிடக்கும் தண்ணீரையெல்லாம் கவிழ்க்கச் சொல்லி உத்தரவாம். நான் மாவுக் கையோடு ஓடிப்போய்த் தாழியை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே உங்கள் பனையேறி. கறுத்துப் பெருத்து, என்னைப்போலவே கிழடாகி, அடியில் கிடக்கிறது. அவன் சண்டைக்கு வரவில்லை, பாவம், அவனுக்கும் அலுப்பு. தன் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் குவளையை எடுத்துத் தாழியில் முக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுபடி முக்கிப் பார்த்தான்.

"ஒரு புழுகூட இல்ல பாய். கவுக்க வேணாம்."

குவளையை வாங்கி நானும் பார்த்தேன், அண்ணே. தெளிந்த தண்ணீர். தாழி வேறு, குட்டை வேறு என்பீர்கள். டவுன் கொசு வேறு, எஸ்டேட் கொசு வேறு என்றும் சொல்வீர்கள். சொல்லுங்கள், உங்களோடு வாதாட எனக்கு இனித் தெம்பில்லை. ஆனால் இந்தக் குவளையை அன்றைக்கு உங்கள் கையில் கொடுக்க முடிந்திருந்தால் போதும் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. எழுந்துபோய்த் தாழியை மூட வேண்டும். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான், இதுவும் நடந்து போய்விடக் கூடாது.