ஏழாம் பூவும் உப்புப் பொதியும்

நலம் பெருகுக. ஏழு குன்றுக்கும் ஒரு குடை பிடித்த நெடுவரைக்கோன் திருவாணைப்படி, கல்லுடைப்போர் குடியில் பிறந்து அமைச்சுக்கு வந்த கோடன், அலைவாய்ப் பட்டினத்து உப்பளத் தலைவர் வெண்டேரனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் பாத்திகள் விளைக. தங்கள் எருதுகளின் கால் நோகாதிருக்க. பட்டினத்து அடுப்பெல்லாம் மீன் மணக்க.

பொதி ஏற்றிய எருதுகளை அடிவாரத்தில் நிறுத்திக்கொண்டு, மழைக்கு முன் கணவாய் திறக்குமோ திறக்காதோ எனத் தாங்கள் வானத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்திருப்பதை அரண்மனை அறியும். கோடைதோறும் அரசரின் ஆள் ஒருவர் மலையேறி, பூத்து நிற்கும் மரஞ்செடி ஏழின் பேரை மலைக்குடிகள் முன் பிழையறச் சொன்னாலன்றி அவர்கள் வழி விடுவதில்லை. ஒரு பேரை மும்முறை சொல்லிவிட்டால் மாற்றவும் ஒண்ணாது. ‘மலையில நிக்கிறது இன்னதுன்னு தெரியாதவனுக்கு மலைமேல வழி எதுக்கு?’ என்பது அவர்கள் நியாயம். நியாயந்தான்.

இவ்வாண்டு சென்றவர் மாலைக்கண்காணி நறுஞ்சாத்தனார். இருபது ஆண்டாய் அரண்மனை மாலைக்குப் பூ எடுப்பவர்; கண்ணை மூடி மணத்தாலேயே பேர் சொல்ல வல்லவர். குறை ஒன்றே. அவர் கண்ட பூவெல்லாம் காம்பு கிள்ளிக் கூடையில் வந்த பூ. எந்த மரத்தில் எந்த இலைக்குள் இருந்ததென்று அவரும் கேட்டதில்லை, கூடையும் சொன்னதில்லை.

முதல் மேட்டிலேயே அவர் மூச்சு அவருக்கு முன்னால் ஓடிற்று. ஆயினும் கொன்றையையும் வாகையையும் தூரத்திலேயே பூவின் நிறத்தால் சொன்னார்; பாதிரியைக் காலடியில் உதிர்ந்த பூவால் சொன்னார்; புங்கும் நுணாவும் காட்டுமல்லிகையும் மூக்கால் தேறின. ஆறு ஆயிற்று. அவர் மீசையும் சற்று நிமிர்ந்தது.

ஏழாவது, பாறை இடுக்கில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்த ஒரு மரம். பழக்கம் விடுமோ? ஒரு பூவைப் பறித்தார், காம்பைக் கிள்ளினார், உள்ளங்கையில் வைத்தார். குடசப்பாலை என்றார். மறுமுறையும் குடசப்பாலை என்றார். உடன் சென்றவர் வாய் திறத்தல் வழக்கில் இல்லை. ஆதலால் மரம் இன்னதென்று அறிந்தும், உடன் சென்ற இக்கோடன் தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கூடிநின்ற பெண்டிர் சிரித்துவிட்டனர். குடித்தலைவி வேம்பி, ‘ஏஞ் சாமி, பூவுக்குப் பேரு சொல்றீரா, மரத்துக்கா? கிள்ளிப் போட்டா எல்லாம் வெள்ளைதான்!’ என்றாள்.

சாத்தனார் மூன்றாம் முறை சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். தம் பதவி போனால் போகட்டும்; கீழே நூறு எருது முதுகில் பாரத்தோடு நிற்கிறதே என்பதே அவர் கவலை. கூழ் குடித்து முடியும் மட்டும் தவணை கேட்டார். அதற்கு வழக்கில் இடமுண்டு. அம்மரத்தடியிலேயே அமர்ந்து, கைக்கெட்டிய தழையை ஒடித்து ஈ ஓட்டினார். பதற்றத்தில் அதையே கசக்கிக் கழுத்து வேர்வையும் துடைத்தார். தினைக்கூழ் இரண்டு கலயம் உள்ளே போயிற்று. மூன்றாவதற்கு நீட்டிய கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் நீலம். மேலாடை ஓரமும் நீலம். சாயக்காரர் தெருவில் பார்த்த அதே நீலம்.

எழுந்தார். அன்றுதான் வாழ்நாளில் முதன்முறையாகப் பூவை விட்டு மரத்தைப் பார்த்தார். இலைக்கிடையே நீளக் காய்கள் இரண்டிரண்டாய், நுனியோடு நுனி ஒட்டித் தொங்கின. குடசப்பாலைக் காய் அப்படி ஒட்டுவதில்லை. அதை மருந்துச்சாலையில் அவரே கண்டதுண்டு. அதன் தழை நீலம் விடுவதுமில்லை; விடுவது வெட்பாலை. வெட்பாலை, வெட்பாலை, வெட்பாலை என்று கூவினார். எதிர்மலையும் திருப்பிச் சொன்னதால் நான்கு முறை என்றும் கொள்ளலாம்.

வேம்பி வழிமறித்த மூங்கிலைத் தன் கையாலேயே தூக்கிப் போட்டாள். ‘தப்பிச்சீரு சாமி. அடுத்த கோடைக்கு மூக்கை வீட்டுல வச்சிட்டுக் கண்ணைக் கொண்டாரும்’ என்றாள். எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் சாத்தனார்.

ஆகவே ஆணை: இவ்வோலை கண்ட நாழிகையிலேயே எருதுகளை மலையேற்றுக. முதற்பொதியை வேம்பி வாசலில் மனமார இறக்குக. அரண்மனைக்கு வரும் பூக்கூடை எதுவும் இனி ஒரு கிளையும் இலையும் இன்றி வருதல் கூடாது. இவ்வோலை கொணரும் சாத்தனார் பல்லக்கு வேண்டாமென்று தாமே சொன்னமையால், முதல் எருதோடு நடந்தே மலையேறுவார். அவருக்கு நல்ல செருப்பு ஒரு சோடி தருக.

கீழே உள்ளது நெடுவரைக்கோன் முத்திரை. அதன் அருகிலுள்ள நீலக்கறை கண்டு ஓலை பழுதென்று ஐயுற்று எருதை அவிழ்த்துவிட வேண்டா. ஓலையைச் சுருட்டிக் கட்டியவர் சாத்தனார். மூன்று நாளாய்த் தேய்க்கிறார், போகவில்லை.